மாஸ்டரின் முதல் துண்டு

பிப்ரவரி 3

அன்புள்ள பஞ்சுவுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். உறைமேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்கலாமா வேண்டாமா என்று ஒரு நிமிடம் யோசித்திருப்பாய். பிரித்துவிட்டாய் அல்லவா, இனி கடைசி வரை படித்துவிடு.

நாம் பேசி இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. அன்றைக்கு என் வீட்டில் பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் பொரித்து வைத்த மீனைப் பார்த்து, "இந்தக் கருகலப் போட்டுப் போட்டுத்தான் எங்க அண்ணன நோயாளி ஆக்கி வச்சிருக்கீங்க" என்று சொன்னாய். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். நீல வரி போட்ட அந்தத் தட்டு மேஜை விளிம்பு வரைக்கும் போய் நின்றது. பழசைக் கிளறுவதற்காக எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லவும் மாட்டேன்.

விஷயம் உன் அண்ணன் கால். அக்டோபரில் ஹோட்டலில் வறுவல் சட்டியிலிருந்து எண்ணெய் தெறித்து வலது காலில் விழுந்தது. கட்டைவிரல் தொடங்கும் இடத்தில், மேல்பக்கமாக. ஒரே ஒரு சொட்டு. இருபத்திரண்டு வருஷமாக வறுவல் மாஸ்டராக அடுப்படியில் நிற்கிறவருக்கு அது கொசுக்கடி. மருந்து போட்டுக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போய்விட்டார். கொப்புளம் உடைந்தது, செருப்பு வார் உரசியது, புண்ணாகிவிட்டது. நாலு மாதமாகியும் மூடவில்லை. சர்க்கரை ஒரு நாள் இறங்கினால் இரண்டு நாள் ஏறுகிறது.

போன வாரம் டாக்டர் சொன்னார்: "இன்னும் மூணு மாசம் பாப்போம்மா. மூடலைன்னா, எலும்புக்குள்ள போறதுக்கு முன்னாடி அந்த விரல எடுத்துர்றதுதான் காலுக்கு நல்லது." வீட்டுப் படியேறும்போது உன் அண்ணன், "பஞ்சுகிட்ட சொல்லிராத. வந்து குதிப்பா" என்றார். நீ சின்ன வயசில் வீட்டிலுள்ள பொம்மைக்கெல்லாம் பஞ்சு வைத்துக் கட்டுப்போடுவாய் என்று அவர் வைத்த பெயர். கோபத்தில்கூட அதை மாற்றிச் சொல்ல அவருக்கு வரவில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். வீட்டுக்கு ஒரே போன், அது எப்போதும் அவர் சட்டைப்பையில். அதனால்தான் கடிதம். நர்ஸாக நீ தினமும் ஆறாத புண்களோடு மல்லுக்கு நிற்கிறவள். எனக்குப் பயமாக இருக்கிறது பஞ்சு. என்ன செய்யட்டும் என்று சொல்.

உன் அண்ணி


பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

உறையைப் பிரிக்க ஒரு நிமிடம் யோசித்தேன் என்பது உண்மைதான். படித்து முடித்ததும் டூட்டி உடையோடு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். நாலு மாதமா அண்ணி? நாலு மாதம் என்னிடம் சொல்லாமல் இருந்தீர்களா? சரி, திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு நான் சொன்ன விஷயம் சரி. சொன்ன இடம் தப்பு. அதற்கு மேல் இப்போது எழுதத் தெரியவில்லை.

இனி காரியம். நீங்கள் பார்க்கிற டாக்டர் தரும் மாத்திரை, ஊசி, கட்டு எதையும் நிறுத்தக் கூடாது. நான் சொல்வதெல்லாம் அதற்குமேல்தான். சர்க்கரை இறங்க வேண்டும். அண்ணன் நின்று வேலை செய்யக் கூடாது, ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். அந்தச் செருப்பைத் தூக்கி எறியுங்கள். அப்புறம் சாப்பாடு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இது உங்கள்மேல் குற்றம் சொல்வதற்காக இல்லை.

எதையும் தண்ணீர் இல்லாமல் கடும் சூட்டில் வறுத்தாலோ பொரித்தாலோ சுட்டாலோ, அதிலுள்ள சர்க்கரையும் புரதமும் கொழுப்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேறொரு பொருளாகிவிடுகின்றன. பொன்னிறமும் வாசனையும் மொறுமொறுப்பும் வருகிற அதே நேரத்தில் அதுவும் சேர்ந்து உண்டாகிறது. எங்கள் டாக்டர் அதற்கு ஒரு முழ நீளப் பெயர் சொல்வார். நான் எனக்குப் புரிகிற மாதிரி முறுகல் கசடு என்று வைத்திருக்கிறேன். சாப்பிட்டால் அதில் ஒரு பங்கு ரத்தத்தில் கலக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர் உடம்பு அதே கசடைத் தானாகவும் செய்துகொள்கிறது. நாம் வேறு மேலே கொட்டுகிறோம். அது புண்ணின் வீக்கத்தைத் தணியவிடாது. புதுத் தோல் பின்னுவதற்கு உடம்பு அனுப்புகிற நாரை விறைக்க வைத்துவிடும். சர்க்கரை நோய் உள்ள எலிகளுக்கு இந்தக் கசடு குறைந்த தீனி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். புண் சீக்கிரம் மூடியிருக்கிறது. மனிதர்கள் விஷயத்தில் இன்னும் அடித்துச் சொல்லும் அளவுக்குச் சாட்சி இல்லை. ஆனாலும் செய்து பார்ப்பதில் நமக்கு என்ன கெட்டுப்போகிறது?

எனவே எதுவானாலும் வேகவையுங்கள், ஆவியில் அவியுங்கள், கொதிக்கவையுங்கள். எப்போதாவது வாட்டியே தீரவேண்டும் என்றால் எலுமிச்சைச் சாற்றில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, தீயைக் குறைத்து வாட்டுங்கள். புளிப்பில் ஊறினால் கசடு குறைகிறது. ஒரு நோட்டுப் போட்டு, அண்ணன் சாப்பிடுவது ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள்.

இன்னொன்று. கட்டு மாற்றும்போது, சுத்தமான கண்ணாடிப் பிளாஸ்டிக் தாள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் புண்மேல் வைத்து, அதன் ஓரத்தைப் பேனாவால் வரையச் சொல்லுங்கள். கீழ்த் தாளைக் குப்பையில் போட்டுவிட்டு மேல் தாளை எனக்கு அனுப்புங்கள். கட்டம் போட்ட காகிதத்தின்மேல் வைத்து எத்தனை கட்டம் என்று எண்ணிப் பார்ப்பேன். கண் ஏமாற்றும், கட்டம் ஏமாற்றாது. இது போனில் வராது, ஆகவே கடிதமே போடுங்கள்.

பஞ்சு


பிப்ரவரி 27

அன்புள்ள பஞ்சுவுக்கு,

உன் அண்ணனுக்குத் தெரியாமல் காதும் காதும் வைத்த மாதிரி எல்லாவற்றையும் நடத்திவிடலாம் என்று நினைத்தேன். கால்மேல் தாள் வைத்து வரைந்தால் எந்த மனுஷன் கேட்காமல் இருப்பான்? உண்மையைச் சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பத்து நிமிடம் கழித்து, "என்னைப் பத்தி வேற என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டார். கடிதத்தைக் கொடுத்தேன். எலியைப் பற்றி எழுதிய இடத்தில் நிறுத்திவிட்டு, "என்ன எலியாக்கிட்டாளா?" என்றார். இரண்டு வருஷமாக உன்மேல் இருந்த கோபம் அதோடு சரி.

முதல் நாள் அவித்த மீனையும் வேகவைத்த காயையும் தட்டில் வைத்தேன். உட்கார்ந்து அதையே பார்த்தார்.

"இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"ஊரெல்லாம் என் கை வறுவலுக்கு வரிசைல நிக்குது. நான் ஆஸ்பத்திரிச் சாப்பாடு சாப்பிடணுமா?"

"ஆஸ்பத்திரிக்கே போறதுக்கு இது பரவால்ல."

முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டார். இப்போது பழகிவிட்டது. நானும் அதையேதான் சாப்பிடுகிறேன், என் வீட்டில் இரண்டு சமையல் கிடையாது. எண்ணெய்ச் சட்டியைக் கழுவித் துடைத்துப் பரண்மேல் கவிழ்த்துவிட்டேன். ஸ்டூல் விஷயம்தான் பெரும்பாடு. மாஸ்டர் உட்கார்ந்து வறுத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒரே வெட்கம். கடைசியில் அவர் முதலாளியே ஒரு உயரமான ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, "உட்காருய்யா, வறுவல்தான நிக்கணும், நீ எதுக்கு நிக்கணும்?" என்று சொன்ன பிறகு உட்கார்ந்தாராம்.

இரண்டு தாள் வைத்திருக்கிறேன். என் கண்ணுக்கு இரண்டாவது சின்னதாகத் தெரிகிறது. நீ எண்ணிச் சொல்.

உன் அண்ணி


மார்ச் 4

அண்ணி,

முப்பத்தொன்று. அடுத்தது இருபத்தேழு. வார்டில் எழுந்து நின்று கை தட்டலாம் போல இருந்தது. வேலை தலைக்குமேல் கிடக்கிறது, நீளமாக எழுத நேரமில்லை. இப்படியே போங்கள்.

எலிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

பஞ்சு


மார்ச் 26

அன்புள்ள பஞ்சுவுக்கு,

மூன்று தாள் சேர்த்து அனுப்புகிறேன். ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். மூன்று கோடும் ஒரே கோடாகத் தெரிகிறது. நீ எண்ணினால் வேறு மாதிரி வருமோ என்று ஒரு நப்பாசை.

சர்க்கரை இறங்கித்தான் இருக்கிறது, அளவு எல்லாம் நோட்டில் எழுதியிருக்கிறேன். சாப்பாட்டையும் ஒரு வேளை விடாமல் எழுதியிருக்கிறேன், பக்கங்களைப் பார்த்து எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மதியச் சாப்பாடும் என் டப்பாதான். ஹோட்டல் சாப்பாட்டைத் தொடுவதே இல்லை. பிறகு ஏன் பஞ்சு? இதற்குமேல் எதை வேகவைப்பது?

நேற்று குளித்துவிட்டு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. அஞ்சையும் எண்ணிப் பாத்தேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

டாக்டர் கொடுத்த மூன்று மாதத்தில் இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது.

உன் அண்ணி


மார்ச் 31

அண்ணிக்கு,

இருபத்தேழு, இருபத்தேழு, இருபத்தேழு.

நோட்டுப் பக்கங்களை நாலு தடவை படித்தேன். வெளிப்படையாகவே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு சுத்தமான நோட்டை நான் என் வேலையில் பார்த்ததே இல்லை. ஆறு வாரத்தில் ஒரு நாள்கூட ஒரு வறுவல் இல்லை, ஒரு அப்பளம் இல்லை. அப்படி ஒரு மனிதரும் சாப்பிடுவதில்லை. என் அண்ணன் நிச்சயமாக இல்லை. தினமும் நூறு பேரைப் பார்க்கிறேன். நோயாளி முகத்தைத் தொங்கப்போட்டால் வீட்டுக்காரிக்கு மனசு கேட்காது, ஒரே ஒரு துண்டு என்று பொரித்துக் கொடுப்பாள், எங்களிடம் சொல்லமாட்டாள்.

நீங்களும் அப்படித்தான் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பாசம்தான் அவர் விரலைத் தின்கிறது. என்னிடம் மறைப்பதால் யாருக்கு என்ன லாபம்? உண்மையை எழுதுங்கள்.

பஞ்சு


ஏப்ரல் 17

மதிப்பிற்குரிய நர்ஸ் அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் போடவே வேண்டாம் என்று இரண்டு வாரம் இருந்தேன். போடாவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டு எண்ணெய்ச் சட்டி பரண்மேல் கவிழ்ந்து கிடக்கிறது. அதன்மேல் ஒரு விரல் தூசி. வந்து பார்ப்பதானால் பார்க்கலாம். நீங்கள் வந்து பார்க்கமாட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். தட்டைத் தள்ளிவிட்டுப் போகத்தான் உங்களுக்குத் தெரியும்.

நான் பொய் சொல்லவில்லை என்றால் அவர்தான் எனக்குத் தெரியாமல் சாப்பிடுகிறாரோ என்று ஒரு சந்தேகத்தை எனக்குள் கிளப்பிவிட்டீர்கள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவரைச் சந்தேகப்பட்டது அன்றைக்குத்தான். போன செவ்வாய்க்கிழமை மதிய டப்பாவோடு ஹோட்டலுக்கே போனேன். வறுவல் அடுப்புக்கு எதிரே, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது. பத்து மணி முதல் நாலு மணி வரை அதிலேயே உட்கார்ந்திருந்தேன். கல்லாக்காரர் இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆறு மணி நேரத்தில் உங்கள் அண்ணன் ஹோட்டல் சாப்பாட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை. சட்டி இறங்க இறங்க ஓரத்தில் நன்றாக முறுகிய துண்டாகப் பார்த்து ஒன்றை விண்டு நாக்கில் போட்டு, தலையை ஆட்டிவிட்டு, பிறகுதான் தட்டில் போட்டு வெளியே அனுப்புகிறார். அதற்குள் அடுத்த சட்டி. தலை நிமிர நேரமில்லை. இரண்டு மணிக்கு நான் கொண்டுபோன டப்பாவைத் திறந்து, அவித்த முட்டையும் கீரையும் சோறும் என் கண் முன்னால் சாப்பிட்டார். பசி தாங்காமல் சோற்றைக் கடைசிப் பருக்கை வரை வழித்தார். அவ்வளவுதான். கல்லாக்காரரையும் கேட்டேன். "மாஸ்டரா? இங்க பச்சத் தண்ணியத் தவிர ஒண்ணும் தொடுறதில்லம்மா" என்றார்.

அவரைச் சந்தேகப்பட்டு வேவு பார்க்க வந்தவள் நான் என்று தெரியாமல், இத்தனை பேருக்கு நடுவில் பெண்டாட்டி வந்து உட்கார்ந்ததில் அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு வெட்கமாக இருந்தது.

இனி தாள் அனுப்பமாட்டேன். உங்கள் வேலையைக் கெடுத்ததற்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு,
மாஸ்டர் மனைவி


ஏப்ரல் 21

என் அண்ணிக்கு,

நீங்கள் கிழித்துப் போடுவதற்கு முன்னால் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். தப்பு என்னுடையது. உங்கள் நோட்டில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தை இரவு உணவு இடைவேளையில் படித்தேன். நடுவில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், திரும்பப் படித்துப் பாருங்கள். "ஓரத்தில் நன்றாக முறுகிய துண்டாகப் பார்த்து ஒன்றை விண்டு நாக்கில் போட்டு."

அண்ணி, ஒரு நாளைக்கு எத்தனை சட்டி இறங்கும்? நாற்பதா, ஐம்பதா? அத்தனை சட்டியிலும், கசடு அதிகம் சேர்கிற அந்த முறுகல் ஓரமாகப் பார்த்து, வாரத்தில் ஆறு நாள். அண்ணனைக் கேட்டால் ருசி பார்த்தேன் என்பார், சாப்பிட்டேன் என்று சொல்லமாட்டார். நீங்கள் நேரில் பார்த்தும் எழுதவில்லை. கல்லாக்காரர் தினமும் பார்க்கிறார், அவருக்கும் தெரியவில்லை. சாப்பிடுவதை எல்லாம் எழுதுங்கள் என்று சொன்ன நானும் ஒரு வறுவல் மாஸ்டரின் தங்கைதான். அண்ணன் முதல் துண்டை வாயில் போட்டுத் தலையாட்டுவதைச் சின்ன வயசிலிருந்து பார்த்து வளர்ந்தவள். எனக்கே தோன்றவில்லையே. ருசி பார்ப்பது வேலை, சாப்பாடு இல்லை என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். வயிற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இதுதான் காரணம் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் நிறுத்திப் பார்க்க வேண்டும், உடனே. வேண்டாம் என்று சொன்னால் நிற்காது அண்ணி. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை தானாகப் போகும். அதனால் இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். நாங்கள் வார்டில் போடுகிற முகமூடி, ஒரு பெட்டி. அடுப்பு முன்னால் உட்கார்ந்தால் வாயை மூடியே இருக்கட்டும். புகைக்கும் நல்லது என்று சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. இதை இரண்டு வருஷம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேனே, அன்று காலையில் என் வார்டில் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அவரும் சமையல்காரர். அண்ணன் வயசு. எடுத்த காலைத் துணியில் சுற்றிக் கையில் வாங்கியது நான்தான். அங்கிருந்து நேராகப் பஸ் ஏறி வந்து உங்கள் மேஜையில் உட்கார்ந்தேன், பக்கத்தில் அண்ணன் சிரித்துக்கொண்டு கருகல் மீனைக் கடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தைக் கோபமாக்கி உங்கள் தலையில் கொட்டிவிட்டேன். நாலு மாதம் ஆறாத புண் என்றதும் மறுபடி அதே பயம், மறுபடி உங்கள் தலையில். உங்களைவிட அவரை நன்றாகப் பார்த்துக்கொள்கிறவர் யாருமில்லை. எனக்கு அது எப்போதும் தெரியும்.

தாள் அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. முகமூடியை மட்டும் போடச் சொல்லுங்கள்.

உங்கள் பஞ்சு


மே 5

பஞ்சு,

கிழித்துப் போடத்தான் எடுத்தேன். முதல் வரி கண்ணில் பட்டுவிட்டது.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். எலி என்று சொன்னபோதுகூட வராத கோபம் வந்தது. "நான் எங்க தின்னேன்? நாக்குல வச்சுப் பாத்தேன். அதக்கூட செய்யாதன்னா நான் மாஸ்டரா, அடுப்புக்குக் காவக்காரனா? இதுக்கு விரலையே வெட்டிட்டுப் போகட்டும்!" என்று கத்தினார். நானும் விடவில்லை. "ஒரே ஒரு நாள் போட்டுட்டுப் போங்க. நீங்க சொல்றது சரின்னா நாளைக்கே கழட்டிருங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொண்டு போனார்.

சாயங்காலம் வந்து முகமூடியைக் கழற்றிச் சமையல் மேடைமேல் வைத்தார். பார்த்தேன். வெள்ளைத் துணியில், வாய்க்கு நேராக, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு எண்ணெய் வட்டம். நடுவில் மசாலா ஏறிக் கறுத்து, ஊறிப்போய், துணியே விறைத்திருந்தது. காலையிலிருந்து நாலு மணி வரை அவர் கை எத்தனை தடவை துண்டைக் கொண்டுபோய் அதில் இடித்ததோ அத்தனையும் அதில் இருந்தது. "பன்னண்டு மணி வரைக்கும் எண்ணினேன். இருபத்தாறு. அதுக்கு மேல எண்ணல. எனக்கே தெரியாது, பாத்துக்க. சத்தியமா எனக்கே தெரியாது" என்றார். குரல் அடங்கிப்போயிருந்தது. பிறகு அந்த முகமூடியைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

இப்போது ருசி பார்க்கிற வேலை கல்லாக்காரருக்கு. அவருக்குச் சர்க்கரையும் இல்லை, கூச்சமும் இல்லை. ஒவ்வொரு சட்டியையும் ருசி பார்க்க வேண்டியதில்லை, மூன்றில் ஒன்று போதும் என்று சொல்லி வைத்திருக்கிறோம். அவருக்கு அது கொஞ்சம் வருத்தம். முதல் வாரம் உன் அண்ணன் கண் கட்டிவிட்ட மாதிரி தவித்தார். பிறகு சட்டியின் சத்தத்தைக் கேட்க ஆரம்பித்திருக்கிறார். ஈரம் வற்றும்போது சத்தம் ஒரு படி இறங்குமாம், அப்போது எடுத்தால் போதுமாம். இன்றுவரை ஒரு தட்டும் திரும்பி வரவில்லை. பகல் முழுக்க வாய் சும்மா இருப்பதால் சாயங்காலம் வீட்டில் பேச்சு அதிகமாகிவிட்டது. அதற்கு ஏதாவது முகமூடி இருந்தால் அனுப்பு.

விரல் விஷயம் இரண்டு நாள் முன்பு வந்தது. டாக்டர் நாள் குறிக்கத் தயாராக இருந்தார். கட்டைப் பிரித்தார், பார்த்தார், விளக்கை இழுத்து வைத்து மறுபடி பார்த்தார். "ஓரத்துல புதுசா தோல் வருது. ஒரு மாசம் தள்ளிப் போடலாம்" என்றார்.

தாள் வைத்திருக்கிறேன். எண்ணு.

உன் அண்ணி


மே 10

அன்புள்ள அண்ணிக்கு,

இருபத்தொன்று! மூன்று தடவை எண்ணினேன். வார்டில் ஒரு நோயாளியிடம் கொடுத்து அவரையும் எண்ணச் சொன்னேன்.

உங்கள் கடிதத்தில் "பஞ்சு" என்று பார்த்ததும் அழுதுவிட்டேன். நர்ஸ் அம்மா என்று நீங்கள் எழுதிய கடிதத்தை இன்னும் பையில் வைத்திருக்கிறேன். இனி வாயைத் திறப்பதற்கு முன் எடுத்துப் படித்துக்கொள்வதாக உத்தேசம்.

ஒரு எச்சரிக்கை. வறுவலே விஷம் என்று அண்ணன் ஹோட்டலில் பிரசங்கம் ஆரம்பித்துவிடப் போகிறார், முதலாளி துரத்திவிடுவார். சர்க்கரை இறங்கியது, ஸ்டூலில் உட்கார்ந்தது, செருப்பு மாறியது, ருசி நின்றது, இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று என்னாலும் பிரித்துச் சொல்ல முடியாது, உங்கள் டாக்டராலும் முடியாது. நாலையும் விடாதீர்கள், அவ்வளவுதான். மூடினாலும் அந்தத் தோல் ரொம்ப நாளைக்கு இளசாகவே இருக்கும், தினமும் பார்க்க வேண்டும்.

புண் முழுசாக மூடிய பிறகு, வார் உரசாத செருப்பு இங்கே செய்து வாங்கி அனுப்புகிறேன். பாதத்தின் அளவு வேண்டும், அப்போது வரைந்து அனுப்புங்கள்.

அங்கே வர வேண்டும் போல இருக்கிறது. கூப்பிடாமல் வருகிற தைரியம் எனக்கு இல்லை அண்ணி.

பஞ்சு


ஆகஸ்ட் 12

அன்புள்ள பஞ்சுவுக்கு,

ஜூனில் பதிமூன்று, ஜூலையில் நாலு என்று நீ எண்ணி எழுதினாய். இந்த மாதம் புண்ணின் தாள் இல்லை. வரைவதற்கு ஓரம் இல்லை. போன வாரம் டாக்டர் கட்டை எடுத்துவிட்டு மறு கட்டுப் போடாமலே அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் உன் அண்ணன் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து வெறுங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள், நான் எழுப்பவில்லை.

செருப்புக்கு அளவு கேட்டாயே, அதுதான் இந்தப் பெரிய தாள். நான் வரைகிறேன் என்றேன், அவர் விடவில்லை. காலை வைத்து அவரே சுற்றி வரைந்தார். கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். செருப்புக்கு விரல் விரலாக வரையத் தேவையில்லையே, மொத்தமாகச் சுற்றினால் போதாதா என்று கேட்டேன். "நீ சும்மா இரு. அவ எண்ணிப் பாக்கட்டும்" என்றார். ஒவ்வொரு விரலுக்கு இடையிலும் பேனாவை விட்டு, ஐந்தையும் தனித்தனியாக வரைந்து முடித்தார். கட்டைவிரல் பக்கத்தில் இருக்கிற புள்ளி, புண் இருந்த இடம்.

இனி என் விஷயம். அந்த நீல வரித் தட்டை அன்றைக்குக் கழுவி அலமாரியின் மேல்தட்டில் கவிழ்த்து வைத்தேன். இந்த மூன்று வருஷமாக அதில் யாருக்கும் சோறு போட்டதில்லை. உடைத்துவிடலாம் என்று ஒரு நாள் தோன்றியது, மனசு வரவில்லை. நேற்று எடுத்துத் தூசி போகத் தேய்த்து மேஜையில் வைத்திருக்கிறேன்.

லீவு போட்டுவிட்டு வா. மீன்தான் செய்வேன், அவித்த மீன். அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில் நீ உட்கார வேண்டும். முழுசாகச் சாப்பிட்டு முடிக்காமல் உன்னை எழுந்திருக்க விடமாட்டேன்.

உன் அண்ணி